வால் பிடித்த கை

ஜனவரி 2, வியாழன்

இன்னும் இருபத்து நான்கு நாள். குடியரசு தினத்தன்று குழந்தைவேலின் புது விமானம் பறக்கிறது. விழ வேண்டும். எல்லார் முன்னாலும், போன வருஷம் விழுந்த அதே பொட்டலில், மூக்குக் குத்தி விழ வேண்டும். இந்த நோட்டை வாங்கியதே அதற்காகத்தான்.

மற்றபடி, பம்பு கம்பெனியில் ஒரே வரைபடத்தை நான்காவது தடவையாகத் திருத்தினேன். துணி ஊறப்போட்டேன், துவைக்கவில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

போன வருஷம் நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். கோபத்தில் விவரம் மறந்துவிடக் கூடாது.

குழந்தைவேல் ஃபவுண்டரி வைத்திருக்கிற ஆள். எங்கள் மாடல் விமானச் சங்கத்துக்குத் தலைவர். பல்லடம் ரோட்டுக்கு உள்ளே, வற்றிப்போன குளத்துப் பொட்டலில் ஞாயிற்றுக்கிழமைகளில் பறக்கவிடுவோம். அவர் விமானம் இறக்கைக்கு இறக்கை ஒன்பதடி, பதினான்கு கிலோ, பெட்ரோல் இன்ஜின். பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டரில் பதினான்கு கிலோ மண்டையில் இறங்கினால் தெரியும் பொம்மையா என்று.

அது மேலே ஏறுவதும் இறங்குவதும் வாலில் இருக்கும் எலிவேட்டர் என்ற தட்டியால். தட்டியை ஆட்டுவது சர்வோ, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மோட்டார். தரையில் நாம் ரிமோட்டை அசைத்தால் சர்வோவின் ஆர்ம் அசையும், ஆர்ம் ஒரு ராடை இழுக்கும், ராடு தட்டியில் நிற்கிற ஹார்ன் என்ற கொம்பைத் தள்ளும். இவ்வளவுதான் விஷயம். குழந்தைவேல் காலகாலமாகச் சர்வோவை நடு வயிற்றில் வைத்து, வாலுக்கு நாலடி ராடு ஓட்டிக்கொண்டிருந்தார். நாலடி ராடு வளையும், அதிரும். நான் வந்துதான் சர்வோக்களை வாலிலேயே வைக்கச் சொன்னேன். எலிவேட்டரின் இரண்டு பாதிக்கும் ஆளுக்கொன்று, ராடு நாலே அங்குலம். மூன்று தாள் வரைபடம் போட்டுக் கொடுத்தேன். இப்போதும் சங்கத்து ஷெட்டில் ஆணியில் தொங்குகிறது.

போன ஜனவரி 26. உயரத்திலிருந்து பாய்ந்து வரும்போது வால் சிலிர்த்தது. ஒரு சத்தம், தகரத்தைக் கிழிப்பதுபோல. எலிவேட்டர் பாதி தனியாகப் பறந்தது. கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு நாற்பதடி முன்னால் விமானம் தரையில் குத்தியது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

குழந்தைவேல் மைக்கைப் பிடுங்கினார். “வால்ல கொண்டுபோய் மோட்டார வெச்சு என்ற பிளேனக் கொன்னுபோட்டான். இன்ஜினீயராமா!” இருநூறு பேர் சிரித்தார்கள்.

அதோடு விடவில்லை. எங்கள் பொட்டலில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரன் அல்லாத ஒருவன் வாலைப் பிடித்துச் ‘சரி’ சொல்லாமல் எந்த விமானமும் கிளம்பாது. இன்ஜின் முழு வேகத்தில் உறுமும்போது குந்தி உட்கார்ந்து வாலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தட்டியையும் கையால் பற்றி மூன்று தடவை ஆட்ட வேண்டும். ராடு, ஆர்ம், ஹார்ன் மூன்றையும் கண்ணால் பார்க்க வேண்டும். அப்புறம் சாக்பீஸால் வாலில் தன் முதலெழுத்தைப் போட வேண்டும். போன வருஷம் பிடித்தது நான். நொறுங்கிய குப்பையில் என் ‘ந’ மட்டும் அழியாமல் இருந்தது. அதையும் தூக்கிக் காட்டினார். “இந்தா, நவநீதன் போட்ட முத்திரை!”

அன்றோடு பொட்டலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

வாலில் சர்வோ வைத்தது தப்பே இல்லை. பெரிய விமானத்தில் அதுதான் முறை. எவன் வந்து கேட்டாலும் கணக்குப் போட்டுக் காட்டுவேன்.

கிழிந்து பறந்த எலிவேட்டர் பாதியை, சர்வோவும் ராடும் தொங்கத் தொங்க, நான் எடுத்து வந்தேன். மேஜை டிராயரில் கிடக்கிறது, வெர்னியர் காலிப்பருக்குப் பக்கத்தில்.

ஜனவரி 8, புதன்

அப்பாஸ் போட்டோ அனுப்பினான். என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன், சிஎன்சி மெஷின் ஓட்டுகிறான். குழந்தைவேலின் புது விமானத்துக்குப் பாகம் வெட்டித் தருவது அவன்தான். இதற்காக அவனோடு ஒரு மாதம் பேசாமல் இருந்து பார்த்தேன். அவன் அதைக் கவனிக்கவே இல்லை.

போட்டோவில் வால். வாலில் இரண்டு சர்வோ!

மைக்கில் என்னைக் காறித்துப்பிய ஆள், ஒரு வருஷம் கழித்து, என் வேலையை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்து நிமிஷம் அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அப்புறம் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிரித்துவிட்டேன்.

சர்வோ பக்கத்து ஆர்ம் நீளம். தட்டி பக்கத்து ஹார்ன் குட்டை. தலைகீழ்.

அடிபம்பு கைப்பிடியைத் திருப்பிப் போட்ட கதை. கை பிடிக்கும் பக்கம் குட்டையாகவும் தண்ணீர் இழுக்கும் பக்கம் நீளமாகவும் இருந்தால் பயில்வானும் அடிக்க முடியாது. இங்கே அதோடு இன்னொன்றும் உண்டு. சர்வோவின் பல்சக்கரத்தில் தலைமுடியளவு ஆட்டம் எப்போதும் இருக்கும். சரியான அளவில் வைத்தால் தட்டிக்குப் போகும்போது அது குறையும். தலைகீழாக வைத்தால் ஒன்றரை மடங்காகும். மெதுவாகப் பறக்கும்வரை ஒன்றும் தெரியாது. பாய்ச்சலில் தட்டி படபடக்க ஆரம்பிக்கும். ஆரம்பித்தால் இரண்டு செகண்டில் வால் கிழியும்.

எங்கிருந்து இந்த அளவு வந்தது என்றும் தெரியும். ஷெட்டில் தொங்கும் மூன்றாவது தாள். அதில் ஆர்ம் 38 மில்லிமீட்டர், ஹார்ன் 25 என்று இருக்கும். மாறி விழுந்த எண்கள். என் கம்ப்யூட்டரில் அது எப்போதோ திருத்தியாயிற்று. பழைய தாளைப் பார்த்துச் செய்தால் அவரவர் தலையெழுத்து.

“எப்படிடா இருக்கு?” என்று கேட்டிருந்தான் அப்பாஸ்.

“சூப்பர்” என்று அனுப்பினேன்.

ஜனவரி 9, வியாழன்

துணி நாறுகிறது. மறுபடி ஊறப்போட்டேன். மனசு ரொம்ப நாளைக்கு அப்புறம் லேசாக இருக்கிறது.

ஜனவரி 12, ஞாயிறு

என் கையில் ஒன்றும் இல்லை என்பதை எழுதி வைக்கிறேன். நான் எதையும் கழற்றவில்லை, முறுக்கவில்லை. அவர்கள் செய்ததை அவர்கள் பறக்கவிடுகிறார்கள். கேட்டால் சொல்வேன். கேட்கவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பன்னிரண்டு நாள்.

ஜனவரி 16, வியாழன்

லீவு. அப்பாஸ் அவன் வீட்டுப் பிரியாணியோடு வந்தான். கட்டிலில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்தான்.

“அந்தப் போட்டோவ நல்லா பாத்தியாடா?”

“பாத்தேனே. சூப்பர்னு சொன்னேன்ல.”

“நீ எதையுமே சூப்பர்னு சொல்ல மாட்ட. எங்கக்கா கல்யாணத்துல பந்தல் ரெண்டு டிகிரி சாயுதுன்னு சொன்ன ஆளு நீ.”

“சாஞ்சுதுடா.”

“சாஞ்சுதான் இருந்துச்சு. அதான் கேக்கறேன். வேற ஏதாச்சும் சொல்லணுமா?”

“ஒண்ணுமில்ல.”

பேனா தேடுவதுபோல டிராயரைத் திறந்தான். உடைந்த எலிவேட்டரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இத அளந்து பாத்தியா நவநீ?”

“எதுக்கு?”

“சும்மாதான்.”

“வெர்னியர் ஆபீஸ்ல இருக்கு” என்றேன்.

அவன் டிராயரை மூடினான். பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு போனான். நானே கழுவியிருப்பேன்.

ஜனவரி 19, ஞாயிறு

இதை நான் எதிர்பார்க்கவில்லை.

கம்பெனி எதிரில் உள்ள பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். குழந்தைவேல் வந்து எதிரில் உட்கார்ந்தார். கூடவே அவர் மகள், மூன்றாம் வகுப்புப் படிக்கிற பாப்பா, தலையில் மஞ்சள் தொப்பி. தேங்காய் பன் வாங்கிக் கொடுத்து அதைப் பக்கத்து மேஜையில் உட்கார வைத்தார்.

“நல்லா இருக்கறயா?”

“இருக்கேங்க.”

“மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியல. சரி, எனக்கும் உன்றகிட்ட வந்து நிக்கறது ஒண்ணும் சந்தோசமில்ல. வழக்கம்னு ஒண்ணு வெச்சுத் தொலைச்சிருக்கறோம்.”

தெரியும். விமானம் விழுந்தவன் அடுத்ததைக் கொண்டுவந்தால், போன தடவை வால் பிடித்த கைதான் மறுபடி பிடிக்க வேண்டும். சங்கத்தில் ஆளுக்கு ஆள் பகை முற்றிப் பிரிந்துபோகக் கூடாது என்று யாரோ போட்ட வழக்கம். பகைக்கு இப்படி ஒரு வசதி இருக்கும் என்று போட்டவருக்குத் தோன்றியிருக்காது.

“வேற ஆளப் புடிச்சுக்கலாமே” என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

“கேட்டுப் பாத்துட்டேன். ஒருத்தனும் வர மாட்டேங்கறான். உன்ற வாய்க்குப் பயம்.” டீயை ஊதினார். “நீ வந்து புடிச்சுக் குடுத்துட்டுப் போயிரு. பேசோணும்னு இல்ல.”

“சர்வோ எங்க வெச்சிருக்கீங்க?”

கிளாஸைக் கீழே வைத்தார். “வால்லதான்.”

“அப்படியா.”

“எகத்தாளமா?”

“இல்லீங்க. சும்மா கேட்டேன்.”

எழுந்தபோது பாப்பா வந்து, “அண்ணா, நாங்க ஸ்கூல்ல இருந்து எல்லாரும் வர்றோம், கயித்துக்கிட்டயே நிப்போம்” என்றது. வாயெல்லாம் தேங்காய்த் துருவல்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு வார்த்தை. ‘சரி’ என்று அந்த ஆள் காதில் விழும்படி சொல்லப் போகிறேன். அதன்பிறகு நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கப் போகிறேன்.

ஜனவரி 23, வியாழன்

அப்பாஸ் மெசேஜ்: “கடைசியா கேக்கறேன். ஏதாச்சும் மாத்தணுமா?”

“இல்லை.”

இரண்டு நீலக்கோடு விழுந்தது.

ஜனவரி 25, சனி

சாக்பீஸ் வாங்கினேன். வெள்ளை. ஷூவைத் துடைத்தேன். வாலில் எழுத்துப் போடுகிறவன் நான்தானே, அப்புறம் என்மேல் பழி வராதா என்று ஒரு யோசனை வந்தது. வரட்டும். ஒரு தடவை வந்த பழிதானே. இந்தத் தடவை அந்தத் தாளை நானே கொண்டுபோய், “யாரைக் கேட்டு என் வரைபடத்தை எடுத்தீர்கள், பழைய தாள் என்று தெரியாதா” என்று மைக்கில் கேட்பேன். வாக்கியத்தைக்கூடத் தயார் செய்துவிட்டேன்.

போன வருஷ விமானம் எந்தத் தாளைப் பார்த்துச் செய்தது என்று எவனாவது கேட்டால்? கேட்க மாட்டார்கள். அவ்வளவு மூளை அங்கே யாருக்கும் கிடையாது.

ஜனவரி 26, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எட்டரை மணிக்குப் பொட்டல் நிறைந்துவிட்டது. மூன்று பள்ளிக்கூடம். கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். கயிறு போன வருஷம் இருந்த இடத்திலேயே. நான் ஒரு டீச்சரிடம் போய், “பிள்ளைங்கள கொஞ்சம் பின்னால நிறுத்துங்க” என்றேன். “பின்னால போனா தெரியாதுங்க சார்” என்றார். சொன்னேன். சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மஞ்சள் தொப்பி முன்வரிசையில் இருந்தது.

என்னைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒருத்தன், “முத்திரை வந்துருச்சு டோய்” என்றான். சிரிப்பு. குழந்தைவேல் சிரிக்கவில்லை. அப்பாஸும் சிரிக்கவில்லை. அப்பாஸ் விமானத்தின் மூக்குப் பக்கம் நின்றுகொண்டு என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் வாலுக்குப் பின்னால் குந்தினேன். இன்ஜின் பிடித்தது. காற்றும் புழுதியும் எண்ணெயும் முகத்தில் அடித்தன. குழந்தைவேல் ரிமோட்டை அசைத்தார். எலிவேட்டர் மேலே, கீழே. செங்குத்தாக நிற்கிற ரடர் தட்டி இடது, வலது. மூன்று தடவை ஆட்ட வேண்டும். நான் வாலின் அசையாத பலகைமேல் கையை வைத்திருந்தேன். தட்டியைத் தொடவில்லை. ராடு பக்கம் கண்ணைக் கொண்டுபோகவில்லை. பார்க்க எனக்கு என்ன அவசியம்? அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் குழந்தைவேலின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பயந்திருந்தார். உதடு உலர்ந்து, ரிமோட்டைப் பிடித்த கட்டைவிரல் வெளுத்து. ஒரு வருஷமாக நான் பார்க்க ஆசைப்பட்ட முகம்.

“என்னப்பா?” என்று கத்தினார்.

“சரி!” என்று கத்தினேன்.

சாக்பீஸால் ‘ந’ போட்டேன். கோணாமல் விழுந்தது.

கிளம்பியது. இரண்டு சுற்று. ஒரு தலைகீழ்ப் புரட்டல். கூட்டம் கைதட்டியது. அப்புறம் உயரே போய்ப் புள்ளியாகி, மூக்கைக் கவிழ்த்து, பாய்ச்சல்.

நான் எண்ணினேன். ஒன்று.

மஞ்சள் தொப்பி கயிற்றுக்கு அடியில் தலையை நீட்டி மேலே பார்த்தது.

இரண்டு.

வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். சத்தம் வரவில்லை.

மூன்று. நான்கு. விமானம் பொட்டலுக்கு இருபதடி மேலே வளைந்து, கத்தியால் கீறியதுபோல நேராக, சிலிர்ப்பு இல்லாமல், அதிர்வு இல்லாமல், மேலே ஏறியது.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

இறங்கியதும் குழந்தைவேல் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். வியர்வையில் வழுக்கியது. மைக்கை வாங்கினார். “போன வருசம் இதே மைக்குல நவநீதனப் பேசிப்போட்டேன். வால்ல சர்வோ வெக்கச் சொன்னது இவன்தானுங்க. இவன் சொன்னதுதான் சரி. தப்பா எடுத்துக்காதே தம்பி. உன்ற கை ராசியான கை.” கூட்டம் கைதட்டியது. ஒரு வருஷமாக எனக்குச் சேர வேண்டியிருந்தது அது. வந்து சேர்ந்தது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அப்பாஸ் என்னை வால் பக்கம் கூப்பிட்டான். “இப்பவாச்சும் பாரு.”

பார்த்தேன். ஆர்ம் குட்டை. ஹார்ன் நீளம்.

“போட்டோ எடுத்த அன்னிக்கே எனக்குத் தெரியும்டா. வெட்டிப் பொருத்தினப்பவே இடிச்சுது. நீ பாத்ததும் கத்துவேன்னு நெனைச்சுத்தான் அனுப்புனேன். நீ சொல்லி மாத்துனதா அவர்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன், உன் பேரு திரும்ப வரட்டும்னு. மூணு தடவ கேட்டேன்டா. மூணு தடவ. அப்பறம் நானே மாத்திட்டேன்.”

“எனக்கு...”

“வேண்டாம். போட்டோவப் பாத்தும் தெரியலன்னு சொல்லாத. மத்தவனுக்குத் தெரியாம இருக்கலாம்.” வாலில் என் எழுத்தைக் காட்டினான். “சரி, வாலப் புடிச்சப்பவாவது சொல்லுவேன்னு நின்னேன். நீ பாக்கவே இல்லியே. பாத்திருந்தா மாத்தியிருக்குன்னு தெரிஞ்சிருக்கும்.”

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. கை கழுவினேன். எண்ணெய் போகவில்லை.

ஜனவரி 27, திங்கள்

ஆபீஸ் போகவில்லை.

டிராயரைத் திறந்தேன். வெர்னியரை எடுத்தேன்.

ஆர்ம் 38. ஹார்ன் 25.

ஜனவரி 28, செவ்வாய்

கம்ப்யூட்டரில் பார்த்தேன். தாளைத் திருத்திய தேதி போன வருஷம் ஜனவரி 29. விழுந்து மூன்றாம் நாள். நான்தான் திருத்தியிருக்கிறேன். வேறு யார்?

போன வருஷம் விழுந்த அன்றைக்கும் வாலைப் பிடித்தேனே தவிர ராடைப் பார்க்கவில்லை. என் வரைபடம்தானே, அதில் என்ன பார்ப்பது என்று இருந்தேன்.

ஜனவரி 31, வெள்ளி

துணி துவைத்தேன். அப்பாஸுக்கு மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

பொட்டலுக்குப் போனேன். ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். குழந்தைவேல் நாற்காலி போடச் சொன்னார், “வாப்பா இன்ஜினீயர்” என்றார். இரண்டு பேர் தங்கள் விமானத்தின் வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். போன வாரம் வரை இதற்காக என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

அப்பாஸ் தன் ஆறடி விமானத்தைக் கொண்டுவந்து வைத்தான். இன்ஜினைப் பிடித்தான். வாலுக்குப் பின்னால் ஆள் இல்லை. நான் எழுந்து போய்க் குந்தினேன். கையை வைக்கும் முன்னால் அவன் இன்ஜினை நிறுத்தினான்.

“நீங்க வாங்கண்ணே” என்று குழந்தைவேலைக் கூப்பிட்டான்.

“அட, உன்ற சிநேகிதன் உக்காந்திருக்கறான்ல? ராசியான கைய விட்டுப்போட்டு என்னையக் கூப்புடறே?”

“அவன் வேண்டாங்க.”

எங்கள் இடத்தில் வால் பிடிக்க வந்தவனை வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. பந்தியில் உட்கார்ந்தவனை எழுப்புவது மாதிரி. குழந்தைவேல் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“என்னடா ஆச்சு உங்க ரெண்டு பேருக்கும்?”

அப்பாஸ் குனிந்து இன்ஜினைத் துடைத்தான். அவன் சொல்லாமலே இருந்துவிடுவான், நான் ராசியான கையாகவே இருந்துவிடலாம்.

பையில் இருந்த உடைந்த எலிவேட்டரை எடுத்துக் குழந்தைவேல் கையில் கொடுத்தேன். ஷெட்டு ஆணியிலிருந்து மூன்றாவது தாளையும் எடுத்துக் கொடுத்தேன். போன வருஷத்திலிருந்து ஆரம்பித்தேன். 38, 25 என்ற எண்களில் ஆரம்பித்து, பார்க்காமல் பிடித்த வாலைச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. “அப்போ நான் மைக்குல திட்டுனது சரியாத்தான் திட்டிருக்கறேன்” என்று பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துக்கூடச் சொன்னார்.

“இன்னும் இருக்குங்க” என்றேன்.

இந்த வருஷத்தைச் சொன்னேன். போட்டோ, மூன்று தடவை கேட்டது, பேக்கரி, ‘சரி’. நிறுத்தாமல் சொன்னேன். பாய்ச்சலின்போது எண்ணியதையும் சொன்னேன்.

அவர் ரொம்ப நேரம் ஹார்னை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“என்ற பாப்பா கயித்துக்கிட்ட நின்னாளே, பாத்தியா?”

“பாத்தேங்க.”

“பாத்துட்டுத்தான் சரின்னயா?”

“ஆமாங்க.”

அடிப்பார் என்று நினைத்தேன். நிமிர்ந்து நின்றேன். அவர் எழுந்து, நாற்காலியை மடக்கி ஷெட்டு சுவரில் சாய்த்தார், எனக்குப் போட்ட நாற்காலியை. அப்புறம் அப்பாஸின் விமானத்துக்குப் பின்னால் போய்க் குந்தினார். இன்ஜின் உறுமியது. எலிவேட்டரைப் பற்றி ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆட்டினார். குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ராடைப் பார்த்தார். ஆர்மைப் பார்த்தார். ஹார்னைப் பார்த்தார். மறுபக்கம் போய் மறுபடி பார்த்தார்.

அவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் ஒரு தடவைகூட அப்படிச் செய்ததில்லை.